ஒன்றுக்கு ஒன்று போனஸ்

டெல்லியில் நான் சம்பாதித்த முதல் கெட்ட பெயர் போனஸ் என்ற சொல்லால் வந்தது. இரண்டாவது, மூன்றாவது கெட்ட பெயர்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவை இங்கே வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில், ஓக்லாவில் மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோ. முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் தொழிற்சாலை, நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் சைக்கிள்கள். டெல்லியில் ஒரு மேசையும் டைப்ரைட்டரும் போட்டுவைத்தால் போதும், மறுநாள் அதன் பின்னால் ஒரு மதராசி முளைத்திருப்பான் என்று பஞ்சாபிகள் கேலி செய்வார்கள். அப்படி முளைத்தவன்தான் நான். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதுவேன். அவற்றில் எத்தனை வார்த்தை எனக்குப் புரியும் என்று எந்தப் பரீட்சையிலும் யாரும் கேட்டதில்லை.

எங்கள் நிதி மேனேஜர் தஞ்சாவூர்க்காரர். டிக்டேஷன் இங்கிலீஷில், திட்டு தமிழில். அந்த வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னால் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து சர்க்காருக்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவானது. கம்பெனிகள் மேல் போடும் வரியைக் குறைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. எங்கள் பங்குக்கு ஒரு வரைவு தயாரிக்கச் சொன்னார்கள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று நாள் சொன்னார், நான் மூன்று நாள் எழுதினேன். வரியைக் குறைத்தால் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால் தொழிலாளி வளர்வான், தொழிலாளியின் கூலி உயரும், தொழிலாளியின் குடும்பம் தழைக்கும். பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி தொழிலாளிதான். அந்தச் சொல் அத்தனை தடவை வந்ததால் சுருக்கெழுத்துப் புத்தகத்தில் இல்லாத ஒரு குறியை நானே அதற்காகக் கண்டுபிடித்தேன். சின்ன வளைவு ஒன்று, அதன் கீழே ஒரு புள்ளி. குனிந்து நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மனு போனது. பட்ஜெட்டும் வந்தது. ஆபீஸ் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். கம்பெனி வரி குறைந்தது. எங்கள் மனுவைப் படித்துவிட்டுத்தான் குறைத்தார்கள் என்று நான் நம்பினேன். மந்திரி என் டைப்பிங்கைப் பார்த்து மயங்கியிருப்பார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அன்று மத்தியானம் ஆபீசில் எல்லோருக்கும் பர்பி. நான் இரண்டு தின்றேன். அந்தப் பர்பித் தட்டு வேப்பமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. வாய் வேலையாக இருக்கும்போது எனக்குக் கண் சரியாகத் தெரியாது.

சில வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். டைரக்டர்கள் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு. முதல் பக்கத்தைச் சேர்மனின் காரியதரிசி ஏற்கெனவே அடித்துவிட்டாளாம், எனக்கு இரண்டாம் பக்கத்திலிருந்து. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வரிச் சலுகையால் கம்பெனியின் கையிருப்பு நன்றாக இருக்கிறது. ஆகவே, போனஸ், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில்.

என் பென்சில் ஒரு கணம் நின்றது. ஒன்றுக்கு ஒன்று. தீபாவளிக்கு எங்கள் தொழிற்சாலையில் வழக்கமாக வருவது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். இது அப்படியில்லை, சம்பளம் எவ்வளவோ அவ்வளவு. மனுவில் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். குனிந்து நிற்கும் என் ஆள் அந்தப் பக்கத்தில் ஒரு இடத்திலும் வரவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் வேப்பமரத்தடியில் உட்காருவது வழக்கம். பின்பக்கம் வேலை பார்த்த தமிழர்களுக்கு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பேன். அது சேவை என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒரு நாளில் நாலு பேராவது ‘சார்’ என்று கூப்பிடும் ஒரே இடம் அதுதான் என்பது என் மனைவியின் கருத்து. அங்கே வருகிறவர்களில் ஒருவர் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த விழுப்புரத்து அக்கா. நாற்பது வயசு இருக்கும். விசிறி இறக்கைகளை மூன்று மூன்றாகக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைப்பது அவர் வேலை. ஜங்புராவில் சாக்கடை ஓரம் இருக்கும் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியிலிருந்து வருவார்.

பாரத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்: “சார், ஆபீசுல பர்பி தின்னீங்களாமே. எங்களுக்கு ஏதாச்சும் உண்டா?”

“சொல்லப்பிடாது அக்கா. ரகசியம்.”

“ரகசியம்னாலே நல்ல சேதிதான். கெட்ட சேதின்னா நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பாங்களே.”

இதற்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டிருக்க நான் என்ன முனிவனா. அக்கம்பக்கம் பார்த்தேன். “போனஸ் வருது.”

“தீவாளிக்குத்தானே?”

“அது வேற, இது வேற. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“அப்டின்னா?”

“ஒரு ரூவா சம்பளத்துக்கு ஒரு ரூவா போனஸ்.”

அக்கா கையிலிருந்த பாரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “நானூறுக்கு நானூறா?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“மாசா மாசமா சார்?”

அப்போது பார்த்துச் சங்கு ஊதிவிட்டது. எழுந்துகொண்டே தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, நேரமாகிவிட்டது வருகிறேன் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. நாம் தலையை ஆட்டும் விதம் டெல்லிக்காரர்களைக் குழப்பும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று ஒரு விழுப்புரத்துக்காரரையே குழப்பிவிட்டேன்.

ஒரு வாரம் அவரைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மரத்தடிக்கு வந்தார். தலையில் எண்ணெய் வைத்து வாரி, முகம் தெளிந்து, ஐந்தாறு வயசு குறைந்த மாதிரி இருந்தார்.

“சார், உங்க பேச்ச நம்பி நாலு கோட்டியவும் வுட்டுட்டேன்.”

நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். இந்த அம்மாள் இத்தனை வருஷமாக நாலு பைத்தியங்களை வைத்துப் பராமரித்து வந்தார் போலும், இப்போது அவிழ்த்து விட்டுவிட்டார் என்று எண்ணி எனக்குக் குலை நடுங்கியது. “எங்க விட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஜங்புராவுலதான். பாத்திரம் தேய்க்கிற கோட்டிங்க சார். மேம்சாப்புங்க கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்.”

பெரிய வீட்டுக்கு இந்தியில் கோட்டி என்று பெயர் என்பது நினைவுக்கு வர எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் நிஜமான நடுக்கம் தொடங்கியது. ஆறு வருஷமாக அக்கா காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். கேம்ப்பின் குழாயில் தண்ணீர் பிடித்து, ஐந்தரைக்கு முதல் வீடு. எட்டு மணிக்குள் நாலு வீட்டுப் பாத்திரமும் முடித்து, ஓடி வந்து பஸ் பிடித்து, எட்டரைக்கு எங்கள் வாசலில் அட்டை பஞ்ச் பண்ண வேண்டும். கம்பெனி சம்பளம் இரட்டிப்பாகிறது என்றானபின் அந்த நாலு வீடு எதற்கு என்று விட்டுவிட்டார்.

“இப்ப தண்ணிய ராத்திரியே பிடிச்சு வச்சுட்டு அஞ்சர மணி வரிக்கும் தூங்குறேன் சார். தூக்கம்னா என்னான்னு இப்பத்தான் தெரியுது. எங்க வூட்டுக்காரரு செத்துகித்து பூட்டேனான்னு மூக்குல கை வச்சுப் பாக்குறாரு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மாசா மாசம் என்று அந்தக் குறிப்பில் எங்கே இருந்தது?

அன்று சாயங்காலமே கோப்பை எடுத்து, நான் அடிக்காத அந்த முதல் பக்கத்தைப் படித்தேன். தலைப்பிலேயே இருந்தது, போனஸ் ஷேர்கள் என்று. ஷேர் என்ற அந்தச் சின்னச் சொல்லை முதல் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் வெறும் போனஸை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வியர்த்தது. மேலே எங்கள் கம்பெனி விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மேனேஜர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“சார், போனஸ் ஷேர்னா என்ன?”

குடையை எடுத்த கை அப்படியே நின்றது. “ஓய், இத்தனை நாளா என்னத்தை டைப் அடிச்சிண்டிருந்தீர்?”

“வார்த்தைய சார்.”

“சரிதான்.” மறுபடி உட்கார்ந்தார். மனுஷர் திட்டுவாரே தவிர கெட்டவர் இல்லை. “கம்பெனி கையிலே லாபம் மீந்திருக்கு. அதைப் பங்குதாரர் பேருக்கு மூலதனமா மாத்தி, பங்காக் கொடுக்கிறோம். ஒரு ஷேர் வச்சிருந்தா இன்னொரு ஷேர் சும்மா. ஒன்றுக்கு ஒன்று.”

“தொழிலாளிக்கு?”

“எந்தத் தொழிலாளி?”

“மனுவுல பூரா எழுதினோமே சார்.”

“அது மனு, ஓய். இது போர்டு நோட்.”

சுருக்கெழுத்து வகுப்பில் இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “நாம எழுதினது பொய்யில்லே. வரியைக் குறைக்கிறது வேருக்குத் தண்ணி விடற மாதிரி. கம்பெனி புது மெஷின் வாங்கும், புது ஷெட் போடும், ஆள் எடுக்கும். இலை வரைக்கும் போய்ச் சேரும். நாளாகும், அவ்வளவுதான்.”

“எத்தனை நாளாகும் சார்?”

“அதையெல்லாம் எகனாமிக்ஸ்லே போடறதில்லே.”

அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருஷத்தில் புது ஷெட் வந்தது. ஆட்களும் வந்தார்கள், கான்ட்ராக்டர் மூலமாக, பழைய ஆட்களைவிடக் குறைந்த கூலிக்கு. அது வேரா, இலையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“அப்புறம் இன்னொண்ணு,” என்றார் மேனேஜர். “ஷேர் வச்சிருக்கிறவா எல்லாம் மகாராஜான்னு நினைச்சுக்காதீர். பென்ஷன்காரா இருக்கா, புருஷன் போனவா இருக்கா. நீர் இருக்கீர்.”

“நானா?”

“இருபத்தஞ்சு ஷேர். ஸ்டாஃப் கோட்டாவிலே எடுத்தீரே. இனிமே அம்பது. சந்தோஷமாப் போய் வாரும்.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கே ஒரு கையெழுத்துப் போடும் என்று மேனேஜர் ஒரு பாரத்தை நீட்டினார். போட்டேன். பத்து மாசம் சம்பளத்தில் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிடித்தார்கள். வெள்ள நிவாரண நிதி என்று நினைத்து, நாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டேன். பிறகு பச்சை ஓரம் போட்ட கெட்டிக் காகிதம் ஒன்று வந்தது. கெட்டியாக இருந்ததால் என் மனைவி அதை டிரங்குப் பெட்டியின் அடியில், துருப்பிடிக்கும் இடத்தில் விரித்துவிட்டாள். அதன் மேல் அவளுடைய கல்யாணப் புடவை.

ஆக, அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தால், வரிச் சலுகை தேடி வந்து சேர்ந்த ஆள் நான்தான். நான் அதற்காகச் செய்த வேலை, மூன்று நாள் தொழிலாளி தொழிலாளி என்று எழுதியது.

“இதை யார்கிட்டேயும் சொல்லலையே?” என்றார் மேனேஜர், கதவருகில் திரும்பி. “வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்.”

“சே சே,” என்றேன்.

அன்று வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. ஜங்புராவை ஒட்டிய போகல் என்ற பேட்டையில் ஒரு மொட்டை மாடி ஒற்றை அறை எங்கள் வீடு. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

“நாலு கோட்டிய விட்டுட்டாகளாக்கும்? இங்க ஒரு கோட்டி சும்மாதான் கெடக்குன்னு சொல்லியிருக்கலாம்லா.”

“வெளையாடாத. என்ன செய்யச் சொல்லுத?”

“என்ன செய்யவா? ஒருத்தி தூக்கத்தக் கெடுத்துட்டு நீங்க மட்டும் எப்படித் தூங்குதியன்னு பாக்கேன். நாளைக்கு மொத வேலையா உண்மையச் சொல்லுங்க. பாவம், கம்பெனியும் ஏமாத்தி, நீங்களும் ஏமாத்தவா?”

மறுநாள் மரத்தடியில் சொன்னேன். வேறு யாருமில்லாத நேரமாகப் பார்த்து, வேலை போய்விடும் பயத்தோடு, கிசுகிசுவென்று. அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ரூவா இல்லியா சார்?”

“இல்லக்கா. காயிதம்.”

“அந்தக் காயிதமாச்சும் எங்களுக்கு வருமா?”

“வராது. ஷேர் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான்.”

“அவங்கல்லாம் எந்த டிபார்ட்மெண்டு?”

பங்குதாரர் என்பவரை அவர் அட்டை பஞ்ச் பண்ணும் ஆளாகத்தான் எண்ணிப் பார்த்தார். லாபம் கிடைக்கிறதென்றால் எங்கேயாவது ஒரு பிரிவில் வேலை பார்க்காமலா கிடைக்கும்? பென்ஷன்காரர்கள், பம்பாய்க்காரர்கள் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். என் வாய்தான் தெரியுமே.

“ஒருத்தன் ஆபீஸ்ல இருக்கான்க்கா. நான்தான். இருபத்தஞ்சு வச்சிருக்கேன். அம்பதாகப் போகுது.”

அக்கா என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். கிழிந்து தைத்த செருப்பில் வந்து பார்வை நின்றது. “நீங்களா?” என்றார். அந்தக் குரலில் இருந்த அதிர்ச்சி, என் வருமானம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது. “நல்லா இருங்க சார். எனக்கு உங்க காயிதம் வேணாம். என் நாலு கோட்டிய நீங்கதான் திருப்பி வாங்கித் தரணும். நான் போயி நின்னா கேட்டைக்கூடத் தெறக்க மாட்டாங்க. பெரிய கம்பெனிக்காரி மாதிரி பேசிட்டு வந்துட்டேன்.”

அந்த நாலு வீட்டுப் பணம்தான் ஊருக்குப் போகும் மணியார்டர் என்று எனக்குத் தெரியும். பாரத்தை எழுதுகிறவனே நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் ஜங்புராவுக்குப் போனோம். அக்கா நாலடி பின்னால் வந்தார். முதல் வீடு ஒரு சர்தாரின் வீடு. என் இந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் கூட்டுக்குடும்பமாக இருக்கும். “அக்கா வாபஸ் ஆ கயா ஹை” என்றேன், அக்கா திரும்பி வந்துவிட்டான் என்று. சர்தாரின் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அக்காவின் கையைப் பிடித்து நேரே தொட்டியருகே கூட்டிக்கொண்டு போனார். பத்து நாள் பாத்திரம் அங்கே மலை மாதிரி கிடந்தது. பேச்சுவார்த்தை என்று ஒன்றுமில்லை. பாத்திரமே பேசிவிட்டது.

இரண்டாவது வீட்டில் பாத்திரம் பேசவில்லை. அந்த அம்மாள் கதவில் சாய்ந்துகொண்டு ஐந்து ரூபாய் குறைப்பேன் என்றார். பத்து நாள் தானே தேய்த்ததில் அது ஒன்றும் பெரிய வேலையில்லை என்று தெரிந்துவிட்டதாம். எனக்கு ஆவேசம் வந்தது. ஆவேசத்தில் வாயைத் திறந்தால், கடவுளே, எங்கள் மனு வந்தது. தொழிலாளியின் கூலி உயர்ந்தால்தான் நாட்டின் தொழில் தழைக்கும் என்று மேனேஜரின் இங்கிலீஷில், அவர் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி, ஒரு பாரா முழுக்க ஒப்பித்தேன். அந்த அம்மாள் அக்காவிடம் இந்தியில் கேட்டார், இந்த ஆள் எதற்குச் சண்டை போடுகிறான், உன் புருஷனா என்று. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, ஐந்து ரூபாய் குறைவுக்கே ஒப்புக்கொண்டார். அந்த மனுவின் தமிழ் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருந்தால் என்னையும் அடித்திருப்பார்.

மூன்றாவது வீட்டில் பழைய சம்பளம். நாலாவதுதான் பெரிய வீடு, நாற்பத்தைந்து ரூபாய். கதவைத் திறந்தது வீட்டுக்கார அம்மாள் இல்லை, கேம்ப்பிலிருந்தே வந்த இன்னொரு பெண். கையெல்லாம் சாம்பல். அவளும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

“வாங்க சார், போலாம்.”

“கேட்டுப் பாப்போம்க்கா. பழைய ஆளுன்னு—”

“அவ வவுத்துல அடிச்சு நான் வாங்கணுமா? அவ நாப்பதுக்கு ஒத்துக்கிட்டிருப்பா. நான் கேட்டா அந்தம்மா முப்பத்தஞ்சும்பா. அப்புறம் அவ முப்பதும்பா. வாங்க.”

நிதி மேனேஜர் மூன்று நாள் சொல்லி நான் எழுதியதில் இப்படி ஒரு வாக்கியம் இல்லை.

நாலாவது வீட்டுக்கு ஈடாக என்ன செய்வது என்று தெரியாமல் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே போனேன். மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நம்ம வீட்டுல வந்து தேய்க்கட்டுமே” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வாக்கியத்தில் அது காய்ந்துவிட்டது.

“அங்க எவ்வளவு குடுத்தாக?”

“நாப்பத்தஞ்சும்மா.”

“நாங்க ரெண்டே பேருதானே. முப்பத்தஞ்சு.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். நாலு நாளாக என்னைத் தூங்கவிடாமல் நியாயம் பேசியவள் இவள்தானா? “ஏட்டி,” என்றேன்.

“என்ன ஏட்டி? நீங்க காயிதம் கொண்டாந்தா நான் ரூவாய்க்கு எங்க போவேன்? கடைக்காரன் ஷேர் வாங்கிட்டுப் பருப்பு குடுப்பானா?”

நாங்கள் என்ன, கம்பெனியா? ஆனால் கையில் ரூபாய் இல்லை என்றுதான் கம்பெனியும் சொல்லும்.

அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “முப்பத்தஞ்சுக்கு சரி. ஆனா எழுதிக் குடுங்க. தீவாளிக்கு ஒரு மாச காசு போனஸ். சார் வாயால சொல்றதும் வேணாம், தலைய ஆட்டுறதும் வேணாம்.”

நான் தாளை எடுத்துத் தமிழில் கையால் எழுதினேன். மாதச் சம்பளம் இன்னது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். போனஸ் என்றால் ரூபாய், காகிதம் அல்ல. நான் எழுதியதில் எல்லா வார்த்தையும் எனக்கே புரிந்தது அன்றுதான். அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கேம்ப்பில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவாராம். என் கையெழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் சாயங்காலம் தாளோடு திரும்பி வந்தார்.

“சார், இதுல லீவு எழுதலியாமே. மாசத்துக்கு ரெண்டு நாளு சுட்டி எழுதுங்க. அப்புறம் ரெண்டு பேருன்னு சொன்னீங்க. நேத்து தொட்டியில ஆறு தட்டு இருந்துச்சு.”

“அது விருந்தாளி,” என்றாள் மனைவி.

“விருந்தாளி தட்டு தானா களுவிக்குமாம்மா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் யூனியன்காரர்கள் வருஷக்கணக்காகக் கொடி பிடித்தும் கேட்க முடியாததை, இந்த அம்மாள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே கேட்கிறார். எனக்கு வந்த திகைப்பில், முதலாளிகள் ராத்திரி எப்படித் தூங்குகிறார்கள் என்று அவர்கள் மேல்கூடக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

“சரி, நாப்பது,” என்றாள் மனைவி. “காலைல ஏழு மணிக்கு வந்துருங்க.”

“காலைல வர மாட்டேன். சாயங்காலம்தான்.”

“ராத்திரிப் பாத்திரம் விடிய விடியக் கெடக்குமே.”

“கெடக்கட்டும். காலைல மூணு வூடுதான் இப்ப. நாலரை வரிக்கும் படுத்திருப்பேன். அந்த அர மணி தூக்கத்துல கை வைக்காதீங்க.”

மனைவி தாளை என் பக்கம் தள்ளினாள். “எழுதுங்க.”

சுட்டி என்கிற லீவு இரண்டு நாள். சம்பளம் நாற்பது. காலையில் வரமாட்டார். அக்கா என் விரல் போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி வரியில் விரலை வைத்து, “இதுல என்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கேம்ப்புக்காரரிடம் இன்னொரு தடவை காட்டிவிட்டு வந்து ரேகை வைப்பதாகச் சொல்லி, தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.